ஒன்றரை மணி

சோஹார் துறைமுகம், சரக்கு அலுவலகம்.
இரவு பத்தே முக்கால்.
புது சர்வரில் பச்சை விளக்கு எரிகிறது,
எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் ஏனென்று கேட்கிறது.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
அப்படி யாருமில்லை என்கிறது நெட்வொர்க்.

தன் பெயரைத் தானே போய்ப் பதிய வேண்டும் அது.
ஐந்து முறை போனது.
ஐந்து முறையும் வாசலோடு திருப்பிவிட்டார்கள்.
கேபிளை மாற்றினேன்,
அனுமதிகளை வரிவரியாகத் துழாவினேன்.
கல்ஃபான் போனில் கேட்கிறார்:
"சங்கிலியாண்டி, முடிந்ததா?"

சங்கிலியாண்டி என் அப்பா.
விமானம் ஏறியதில்லை அவர்.
அடையாள அட்டை அச்சான நாளிலிருந்து
அந்தப் பெயருக்கு நான்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

பிறகுதான் கண்ணில் பட்டது
திரையின் மூலை: பன்னிரண்டே கால்.
ஐந்து நிமிடத்துக்கு மேல் கடிகாரம் பிசகினால்
ஆளே போலி என்று தள்ளிவிடும் பதிவேடு.
இது ஒன்றரை மணி முந்தி நிற்கிறது.

வியாழக்கிழமை பேட்டரி மாற்றியவன் நான்.
நேரம் வைத்தவனும் நான்தான்,
கைக்கடிகாரத்தைப் பார்த்து.
ஏழு வருஷமாக அதைத் திருப்பி வைக்கவில்லை,
மனசுக்குள் கழித்துக்கொள்வேன்.
அன்றைக்குக் கழிக்கவில்லை போல.

நேரத்தைப் பின்னுக்கு இழுத்து
மறுபடி பதியச் சொன்னேன்.
ஏறிவிட்டது பெயர்,
ஓரெழுத்தும் பிசகாமல்.

கதவைப் பூட்டும்போது மணி பார்த்தேன்,
பன்னிரண்டு ஐம்பது.
கழித்தேன்.