முடி சிக்கும் இயந்திரம்

எங்களுடையது எழுபத்து நாலாயிரத்துச் சொச்சம்.
சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது
லட்சத்துக்குப் பத்து ரூபாய் குறைவு.
முதலில் வாங்கியது அவர்கள்.
பைபாஸ் ரோட்டுக் கடையிலிருந்து அட்டைப்பெட்டி இறங்கிய அன்றே
குணாளன் லேப்டாப்பைத் திறந்து கட்டம் போட ஆரம்பித்தார்:
உறிஞ்சுவது எத்தனை பாஸ்கல்,
துடைப்பது வட்டத் துணியா உருளையா,
மூலைக்குக் கை நீட்டுமா,
அழுக்குத் துணியை எத்தனை டிகிரி வெந்நீரில் அலசும்.
பதினொரு நாள் அலசி
அண்ணனுடையதைவிட இரண்டாயிரம் பாஸ்கல்
கூட உள்ளதை வாங்கினார்.

எஸ்.எஸ். காலனியில் எனக்குத் தெரிந்து
கூடத்தின் நடுவே ஹாலோபிளாக் சுவர் எழுப்பிய வீடு
எங்களுடையது மட்டும்தான்.
ஜன்னல் அவர்கள் பங்கு, மின்விசிறி எங்கள் பங்கு.
அவசரத்துக்கு இருக்கட்டும் என்று
வக்கீல் விடச்சொன்ன ஒரு கதவு.
இரண்டு பக்கமும் தாழ்ப்பாள்.
ஆறு வருஷமாக அவசரம் எதுவும் வரவில்லை.

காலை பதினொன்றுக்கு இரண்டும் கிளம்பும்.
அவர்களுடையது
தெருக்கோடி வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம்.
எங்களுடையது உறுமும்.
நாற்காலிக் காலில் முட்டும், யோசிக்கும்,
அதே காலில் இன்னொரு முறை முட்டும்.
தலையில் ஒரு கொண்டை;
அதிலிருந்து சுழலும் ஒளிதான் சுவரைத் தடவி வரைபடம் போடுகிறது.
கட்டிலுக்கடியில் போனால் கொண்டை இடிக்கும்.
சுத்தமான நீர் மட்டும் ஊற்று என்கிறது கையேடு.
எழுதியவர் எங்கள் போர்த்தண்ணீரை
வாயில் வைத்துப் பார்த்ததில்லை.
நாங்கள் குடிக்கும் முப்பத்தைந்து ரூபாய்க் கேனிலேயே
அதுவும் குடிக்கிறது.

ஆடிக் காற்று வைகை மணலை
உள்ளே கொண்டுவந்து கொட்டிய வாரம்
இன்வெர்ட்டர் ஆள் வந்து
இரண்டு பக்கமும் ஒயர் இழுத்துவிட்டுப் போனார்,
கதவைச் சாத்தாமல்.

செல்போனில் வீடு திடீரென்று இரண்டு மடங்கு.
சுவர் வந்தபின் நான் பார்க்காத அடுக்களை
சாம்பல் நிறக் கட்டமாக.
ஆறாம் அறை. ஏழாம் அறை.
ஏழாம் அறைக் கட்டிலைச் சுற்றி மட்டும்
பதினெட்டு நிமிஷம்.
திரும்பி வந்து நிலையத்தில் நின்றபிறகு
சிவப்பு எழுத்து:
தூரிகையில் ஏதோ சிக்கியிருக்கிறது.

கவிழ்த்துப் போட்டேன்.
மாத்திரை அட்டையின் வெள்ளிக் கிழிசல்,
ஒரு துண்டு வாழைநார்,
பிறகு முடி.
கத்தரிக்கோலால் அறுக்க அறுக்க முடி.
என்னுடையது தோளைத் தாண்டாது.
இது முழ நீளம், வேரோடு,
கொத்துக் கொத்தாக.

மங்கையற்கரசி அக்கா தலைக்குளித்து
மாடியில் உலர்த்தும்போது
கொடியில் கறுப்புச் சேலை காய்கிறது என்று
எதிர்வீட்டில் நினைத்த காலம் ஒன்று உண்டு.

அவர்கள் இயந்திரத்தில் முடி சிக்காது.
கட்டத்தில் அந்த ஒரு வரியில்தான்
அண்ணனிடம் தோற்றிருந்தார் குணாளன்.
ஓர் இழை தங்காமல் விழுங்கி
நிலையத்தின் பைக்குள் அனுப்பிவிடும்.
எழுபத்தைந்து நாளுக்கு ஒரு தடவை
பையைப் பார்க்காமலே கழற்றி எறியலாம்.
அந்த வீட்டில் தரை எப்போதும் சுத்தம்.
அவள் புருஷன் கண்ணில் படாமல்
எவ்வளவு போயிருக்கும்.

ராத்திரி வரைபடத்தைப் பார்த்த குணாளன்
கதவுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போடு,
அதைத் தாண்டாது என்றார்.
போட்டேன்.
அவர் குளிக்கப் போனதும் அழித்தேன்.
ஏழாம் அறை என்றிருந்த இடத்தில்
மங்கை அக்கா என்று தட்டி வைத்தேன்.
கதவை லேசாகத் தள்ளிப் பார்த்தேன்.
அந்தப் பக்கமும் யாரும் தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை.

மறுநாள் பதினொன்றுக்குக் கிளம்பியது,
வழக்கம்போல நாற்காலியில் முட்டிவிட்டு.
பின்னாலேயே நானும்.
கையில் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.
யாராவது கேட்டால்
இயந்திரத்தைத் தேடி வந்தேன் என்று
சொல்லிக்கொள்ளலாம்.