ஆறாம் சுருள்

பில்லான்கூர். ஐம்பத்து நாலு, பிப்ரவரி.
ஒலிக்கூடத்துக் கணப்பு மதியத்துக்கு மேல்தான் சூடேறும்.
புரொஜெக்டரில் நான்.
கீழே, கம்பளிக் கோட்டைக் கழற்றாமல்
மைக் முன்னால் லைல் பிராண்ட்வோல்ட்.

டுலூத் துறைமுகத்துக்காரன்.
ஏழு படங்களில் முகம் திரை முழுக்க வந்தவன்.
கப்பல் சுமைக்காரர்கள் வேலைநிறுத்தத்தில்
லாரி மேல் ஏறி நாற்பது நிமிடம் பேசினானாம்.
போனது: தொழில், வீடு,
"அப்புறம் மற்றதும்" என்பான்.
மனைவி என்ற சொல்லை அவன் வாயில் நான் கேட்டதில்லை.

இங்கே அவன் வேலை
பிரெஞ்சு வாய்களில் ஆங்கிலம் நிரப்புவது.
சாராயக்கடைக்காரன், பாதிரியார்,
ஒரு தடவை குதிரை.
டைட்டிலில் பெயர் கிடையாது.
பெயர் இருந்தால் படம் கடல் தாண்டாது.
கூலி உறையின் மேலேகூட
'முசியே குரல்' என்றுதான் எழுதியிருக்கும்.

அன்றைக்கு ஆறாம் சுருள்.
இன்ஸ்பெக்டர் மேசை விளிம்பில் உட்கார்ந்து
கைதியிடம் ஒரே வாக்கியம் கேட்கிறான்:
"பெயர்களை மட்டும் சொல், வீட்டுக்குப் போகலாம்."

முதல் தடவை உதடு முந்தியது.
அடுத்த தடவை குரல்.
நாலாவதில் கத்தினான்.
கத்தரிக்கோல் கழுத்தில் ஆட,
"இது தெருக்கூத்து ராட்சசன்" என்ற அர்த்தத்தில்
என்னவோ சொன்னாள் எடிட்டர் ஒதில்.
எட்டாவதுக்கு முன்னால்
சிகரெட் என்று வெளியே போய்விட்டான்.

நான் சுருளைப் பின்னோக்கிச் சுற்றினேன்.
இன்ஸ்பெக்டர் மேசையை விட்டு எழுந்தான்,
முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்தான்,
கதவைச் சாத்திக்கொண்டு போயே போய்விட்டான்.
பின்னோக்கி ஓடும்போது மட்டும் கிடைக்கிற நியாயம்.

வந்தவன் தண்ணீர் கேட்டான். குடிக்கவில்லை.
ஒரு கிளாசிலிருந்து இன்னொன்றுக்கு
மெல்ல ஊற்றிக்கொண்டே சொன்னான் அந்த வாக்கியத்தை.
பந்தியில் குனிந்து
'இன்னும் கொஞ்சம் ரசம்?' என்று கேட்கிற குரல்.
உதடும் ஒலியும் ஒட்டிக்கொண்டன.

யாரும் பேசவில்லை.
"அப்படித்தான் கேட்டார்கள்," என்றான்,
"ரொம்ப மரியாதை. நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டார்கள்."

அக்டோபரில் பிரெஃபெக்சர் வரிசையில்
எனக்கு முன்னால் நின்றான்.
அவன் கடவுச்சீட்டு செத்து எட்டு மாதம்.
என் காரைக்கால் யாருக்கு என்று
இரண்டு கொடிகள் பேசி முடிக்கிற நேரம்.
தங்கை கடிதத்தை எனக்காக வாசித்தான்:

"சனிக்கிழமை ஒரு பிரெஞ்சுப் படம்.
அந்த இன்ஸ்பெக்டர் 'வீட்டுக்கு' என்கிற இடத்தில்
உன்னை மாதிரியே மூச்சை விழுங்குகிறான்.
விளக்குப் போட்டும் எழுந்திருக்கவில்லை நான்.
அடுத்த காட்சிக்கும் டிக்கெட் வாங்கினேன்."

மடித்துப் பைக்குள் வைத்தான். நிஜமாகவே கோபம்.
"அந்த மூச்சு தப்பு, சவரி.
ஒதில் அதை வெட்டியிருக்க வேண்டும்."

ஜன்னலில் பெயர் கூப்பிட்டார்கள்,
பாதி எழுத்தை விழுங்கி, மீதியைக் குதறி.

"நான்தான்!" என்றான்
கூடத்தின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி.