உறை எண் பதினொன்று

இந்தக் கட்டடத்தில் விடை தெரிந்தவள் நான் ஒருத்திதான்.
டாக்டருக்குத் தெரியாது, நர்ஸுக்குத் தெரியாது,
கையெழுத்துப் போட்ட தாய்க்குத் தெரியவே கூடாது.
மூன்றாம் மாடியில், சுத்த அறையில்,
உறையைக் கிழித்துப் பார்ப்பது என் வேலை.
உள்ளே ஒரே சொல் இருக்கும்:
செல், அல்லது உப்புநீர்.

செல் என்றால்
நைட்ரஜன் புகையும் பீப்பாயிலிருந்து
ஒரு குப்பியை எடுப்பேன்.
எவளோ ஒருத்தியின் தொப்புள்கொடியில் வளர்ந்தவை.
தாயத்துக்கு ஒரு துண்டு வைத்துக்கொண்டு
மீதியை எங்களுக்குத் தந்திருக்கலாம் அவள்.
அந்தப் பிள்ளை இந்நேரம் யூகேஜி போகும்.

முப்பத்தேழு டிகிரித் தண்ணீரில் இரண்டு நிமிடம்.
பனி விட்டதும் ஒரு சொட்டில் நீலம் கலந்து
மைக்ராஸ்கோப்பில் எண்ணுவேன்.
செத்தவை நீலத்தைக் குடித்துவிடும்.
உயிருள்ளவை அதை வாசலிலேயே நிறுத்தும்.
நூற்றில் தொண்ணூற்றிரண்டு நிறுத்தினால்
அன்று நல்ல நாள்.

உப்புநீர் என்றால் எண்ண எதுவும் இல்லை.
ஆனாலும் அதே நாற்பது நிமிடம் உள்ளே இருப்பேன்,
சீக்கிரம் அனுப்பினால் மேலே கண்டுபிடித்துவிடுவார்கள்.
துடைத்த மேசையை மறுபடி துடைப்பேன்.
பிறகு இரண்டுக்கும் ஒரே ஆரஞ்சு நாடா,
கலங்கலா தெளிவா என்று தெரியாதபடி
சிரிஞ்சு முழுக்கச் சுற்றி.

பதினோராம் உறைக்கு உரியவன்
பேபி ஆஃப் நிரோஷா.
இருபத்தைந்து வாரம். எழுநூற்றுப் பத்து கிராம்.
மெஷின் ஊதி ஊதியே புண்ணான நுரையீரல்.
"காப்பாத்துற காத்தே கிழிக்கவும் செய்யுமாம்"
டாக்டர் கன்னடத்தில் சொன்னதை
லிஃப்டில் எனக்குத் தமிழில் சொன்னாள்,
கழுத்து அட்டையில் தமயந்தி என்று படித்துவிட்டு.

ஆடுகோடியில் வீடு.
பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் காலர் தைக்கிறாள்.
நாளுக்கு எண்ணூறு காலர் தைத்த கைக்கு
அவன் அளவில் ஒரு சட்டை வெட்ட வரவில்லையாம்.

"மருந்து உள்ள போயிருச்சுக்கா.
இனிமே அவனே மூச்சு விடுவான், பாருங்க.
யாரோ ஒரு புள்ளையோட கொடியில இருந்து வருதாமே?
அந்தப் புள்ளைக்கும் சேத்துதான் விளக்கேத்துறேன்."

எரிந்துகொண்டிருந்த மூன்றாம் பொத்தானை
இன்னொரு முறை அழுத்தினேன்.

அது உப்புநீர்.

அவளிடம் மறைக்கவில்லை. தமிழிலேயே படித்துக் காட்டினார்கள்,
இரண்டில் ஒன்று கிடைக்கலாம் என்று.
தலையாட்டியிருக்கிறாள்.
ஆடிய தலைக்குள் 'கலாம்' போயிற்றா?
தராசுக்கு ஒரு தட்டு போதாது, அம்மா,
எதிர்த்தட்டில் யாராவது உட்கார வேண்டும்.
இதை லிஃப்டில் சொல்ல முடியாது.
வேறு எங்கே சொல்வது என்றும் தெரியவில்லை.

செல் மட்டும் தங்கிவிடுகிறதா என்ன?
நுரையீரலாக மாறுவதும் இல்லை.
சில நாள் இருந்து
அக்கம்பக்கத்தில் எதையோ சொல்லிவிட்டுக் கரைந்துபோகும்.
என்ன சொல்கிறது என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறோம்.
ஆறு, ஆறு என்று இருக்கலாம்,
சூட்டுக்கும் புண்ணுக்கும் நாம் சொல்கிற அதே சொல்.

நாற்பத்து மூன்றாம் நாள்
பதினொன்று குழாயை விட்டது.
ஒன்பது, தொண்ணூற்று நான்கு உயிரோடு நான் அனுப்பிய ஒன்பது,
அந்த வாரமே போயிற்று.
இரண்டையும் பக்கத்தில் வைத்து
நான் எதையும் நினைக்கக் கூடாது.
நினைக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்,
நூற்றிருபது உறையும் கிழிந்த பிறகு.

டிஸ்சார்ஜ் அன்று கீழே காத்திருந்தாள்.
என் உள்ளங்கை அளவில் ஒரு சட்டை,
காலர் வைத்து.
"கொடி குடுத்தவங்க யாருன்னு தெரிஞ்சா
குடுத்துருங்கக்கா."

லாக்கரில் இருக்கிறது.
நூலிழை பறக்கும் எதையும்
உள்ளே எடுத்துப்போக அனுமதி இல்லை.

இன்று காலை முப்பத்தோராம் உறை.
கிழித்தேன்.
மேசை சுத்தமாகத்தான் இருக்கிறது.
துடைக்கிறேன்.