ஞாயிற்றுக்கிழமை பாட்டில்

பல்சக்கரம் அறுக்கும் இயந்திரத்தைக் கற்க
ஓசூரிலிருந்து ஷ்ராம்பெர்க் வந்தவர்கள் நாங்கள்:
நான், இருளப்பன், செங்கமலம்.
வந்த முதல் ஞாயிறு
காலிப் பாட்டில்களை அள்ளிக்கொண்டு
தெருமுனைத் தொட்டிக்குப் போனோம்.
ஒன்றுதான் போட்டோம்.
கண்ணாடி உடைந்த சத்தத்துக்கு
எதிர்மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.
பிறகு இன்னொன்று.
"இன்று ஞாயிறு" என்றார்கள்,
எழவு வீட்டில் விசிலடித்தவனைப் பார்ப்பதுபோல்.

சரி, ஊரே பூசையில் இருக்கிறது போல என்று
மாதாகோயிலுக்குள் எட்டிப் பார்த்தோம்.
பதினொரு பேர்.
செங்கமலம் எண்ணினாள்.
அதில் ஒருவர் ஆர்கன் வாசிப்பவர்.

வீட்டுக்காரம்மா ரோஸ்விதா போகவில்லை.
"நான்தான் மதத்திலிருந்து விலகிவிட்டேனே"
என்றார் காப்பி ஊற்றிக்கொண்டே.
எப்படி விலகுவது?
"நகராட்சியில், மூன்றாம் எண் அறை.
படிவம், கையெழுத்து, கட்டணம்.
அதன்பின் சம்பளத்தில் கோயில் வரி பிடிக்கமாட்டார்கள்."
டோக்கன் உண்டா என்று கேட்டான் இருளப்பன்.
உண்டாம். இவருக்கு நாற்பத்தேழு.
முப்பது வருஷமாகச் சாமி இல்லை என்கிற என் மாமா
அதற்காக ஒரு ரூபாய் கட்டியதில்லை.
மகள் கல்யாணப் பத்திரிகையில்
முருகன் துணை என்றுதான் போட்டார்.

"அப்புறம் ஏன் பாட்டில் போடக்கூடாது?"
கேட்டது நான்.
"ஞாயிறு" என்றார் மறுபடி,
தண்ணீர் நனைக்கும் என்று
குழந்தைக்குச் சொல்கிற குரலில்.

சாயங்காலம் கணவரின் கல்லறைக்குக் கூட்டிப்போனார்.
வருகிற மார்ச்சில் குத்தகை முடிகிறது.
இருபது வருஷம்.
பணம் கட்டி நீட்டிக்கலாம்; இல்லையென்றால்
கல்லைப் பெயர்த்துவிடுவார்கள், இடம் வேறொருவருக்கு.
செத்த பிறகும் வாடகையா என்று
தமிழில் முணுமுணுத்தாள் செங்கமலம்.
"என்ன சொல்கிறாள்?"
பூச்செடி அழகாக இருக்கிறதாம், என்றேன்.

அதோடு கேள்வி எங்கள் பக்கம் திரும்பியது.
"உங்கள் ஆட்களை எங்கே போய்ப் பார்ப்பீர்கள்?"
எரித்து ஆற்றில் கரைத்துவிடுவோம்.
"பிறகு?"
அமாவாசைக்கு அமாவாசை சோறு வைத்து
காக்கையைக் கூப்பிடுவோம்.
"வருகிற காக்கை அவர்தான் என்று
எப்படித் தெரியும்?"

நான் விழித்தேன்.
இதை யாரும் எங்களைக் கேட்டதில்லை.
நாங்களும் கேட்டதில்லை.
இருளப்பன் மட்டும் யோசித்துச் சொன்னான்:
"எங்கப்பா கடைசியாத்தான் வருவார்.
பந்தி முடியிற நேரத்துக்கு.
இருந்தபோதும் அப்படித்தான்."

ரோஸ்விதா சிரிக்கவில்லை.
சிவப்பு விளக்கின் மூடியைத் திருகியபடியே
மதில்மேல் உட்கார்ந்திருந்ததைக் காட்டினார்.
"இது ஆகுமா?"

இருளப்பன் கிட்டே போய்ப் பார்த்தான்.
அலகு முதல் வால் வரை ஒரே கறுப்பு.
"நம்ம ஊர்க் காக்கைக்குக்
கழுத்துல சாம்பல் இருக்கும்.
இதுக்கு இல்லையே" என்றான் என்னிடம்.
எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
"ஆகும்" என்றேன்.

திங்கள் காலை ஏழு அடித்ததும்
பாட்டில்களோடு இறங்கினோம்.
எங்களுக்கு முன்பே அவர் அங்கே நின்றார்.
பச்சை, பழுப்பு, வெள்ளை என்று பிரித்து வைத்து
ஒவ்வொன்றாக,
கையை முழுசாக வீசி
உடைத்துக்கொண்டிருந்தார்.