முன்னால் நிற்கும் பூஜ்யம்

கொரீசியாவில் மாலை ஐந்தேகால்.
கால்நடை மருத்துவர் ஒத்தாவியோ புரூமாத்தின் மேசையில்
மடிக்கணினி திறந்தே கிடக்கிறது.
மென்பேசியின் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு,
பக்கத்தில் 'பதிவு தோல்வி.'
இரண்டு நாளாக அவரை யாரும் அழைக்கவில்லை.
அழைத்திருப்பார்கள்.
மணிதான் வந்து சேரவில்லை.

நான் எல்லைக்கு அந்தப் பக்கம், நோவா கொரீத்சா.
சைக்கிளில் பதினொரு நிமிடம்.
நடுவில் ஒரு சதுக்கம், தரையில் பதித்த உலோகத் தட்டு.
சக்கரம் அதன்மேல் ஏறி இறங்குவதற்குள்
நாடு மாறிவிடும்,
கியர் மாற்ற வேண்டியதில்லை.

வழக்கமான சந்தேகங்களை முதலில் விசாரித்தேன்.
கடவுச்சொல் சரி.
சர்வரின் பெயர் சரி.
ஃபயர்வால், பாவம், யாரையும் தடுக்கவில்லை.
லாக்கைத் திறந்தால் முதலில் 401.
அதற்குப் பயப்படக் கூடாது,
வாசல்காரர் கேட்கும் "யாருங்க?" அவ்வளவுதான்.
பதில் சொன்ன பிறகு வந்தது 403.
அது கதவைச் சாத்தும் சத்தம்.

ஒத்தாவியோ காபி வைத்தார்.
"ஸோர்ஸூத்தின் கழுதை
திராட்சைச் சக்கையைத் தின்றுவிட்டது, வயிறு நிறைய.
மருந்து கொடுத்து, மோசமானால் கூப்பிடு என்றேன்.
என் கைப்பேசியிலிருந்து அழைத்தால்
தெரியாத எண் என்று எடுக்கமாட்டான்.
கெட்ட செய்தி இல்லையா,
வருவதற்கு வழியில்லையா, தெரியவில்லை."

பயனர் பெயரைப் பார்த்தேன்.
வெள்ளிக்கிழமை நானே இட்டது.
கூட்டல் குறி, 39, உடனே 481.

எங்கள் பக்கம்
எண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது
முன்னால் நிற்கும் பூஜ்யத்தை இறக்கிவிடுவோம்.
யோசிப்பதில்லை,
செருப்பை வாசலில் விடுவதுபோல.
இத்தாலியின் வீட்டு எண்களுக்கு அது நடக்காது.
39க்குப் பின்னாலும் பூஜ்யம் உடன் வரும்,
உலகத்தின் எந்த மூலையிலிருந்து அழைத்தாலும்.
எண்ணுக்குப் பின்னால் நின்றால்தான்
பூஜ்யத்துக்கு மதிப்பு என்று சொல்லித்தந்தார்கள்.
இங்கே அது 4க்கு முன்னால் நிற்கிறது,
இல்லையென்றால் கழுதை சாகும்.

திருப்பி வைத்தேன்.
403.

காபி ஆறிப்போனது.
எழுத்துகளை விரலால் எண்ணினேன், பன்னிரண்டு.
கணினியை எண்ணச் சொன்னேன், பதின்மூன்று.
அம்புக்குறியை ஒருமுறை தட்டினேன்,
கோடு நகரவில்லை.
மறுபடி தட்டியபோதுதான் நகர்ந்தது.
ரசீதிலிருந்து நகலெடுத்து ஒட்டியபோது
கூடவே ஒட்டிக்கொண்ட, உருவமில்லாத ஓர் எழுத்து.
இடமிருந்து வலம் போ என்று
எவருக்கோ சொல்ல வந்தது,
கேட்பாரின்றி இங்கே உட்கார்ந்திருக்கிறது.
கண்ணுக்குத் தெரிகிற பூஜ்யத்தை வெட்டினேன்,
தெரியாததை விட்டுவைத்தேன்.

எல்லாவற்றையும் அழித்து
ஒவ்வோர் இலக்கமாகக் கையால் தட்டினேன்.
200.
பொட்டு பச்சையானது.

தவறு என்னுடையது என்றேன் இத்தாலியனில்.
இன்னும் கடுமையாக ஒன்றை
ஸ்லோவேனியத்தில் எனக்கே சொல்லிக்கொண்டேன்.
பில்லில் தொகைக்கு நேரே பூஜ்யம் எழுதினேன்.
அவர் பேனாவை வாங்கி
அதன் முன்னால் ஒரு 4 போட்டார்.

அப்போது அடித்தது.

"இரண்டு நாளாய் எங்கே போய்த் தொலைந்தீர், நெவென்காவின் மென்பேசியும் நீரும்!"
என் பெயர் மலைவரை போயிருக்கிறது.
"அது எழுந்துவிட்டது. நேற்றே.
வேலியை வேறு உடைத்துவிட்டது. வர வேண்டாம்."

ஒத்தாவியோ ஒரு கையால் கோட்டைத் தேடினார்,
மறு கையில் பை.
வர வேண்டாம் என்கிறாரே என்றேன்.
"வேலியைப் பார்க்க வேண்டும்" என்றார்.

ஹெட்செட் மேசையில் கிடந்தது, இணைப்பு அறுபடாமல்.
அதற்குள்ளிருந்து கழுதை கத்தியது.
தாமதமில்லை, எதிரொலியில்லை,
ஒரு கரகரப்புகூட இல்லை.