நாற்பத்தொரு பொட்டுகள்

உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர்
எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது
என்று கேட்டேன்.
முதலாமாண்டுப் புள்ளியியல், நாற்பத்தொரு பேர்.
கரும்பலகையில் ஒரே நெடுக்காக எழுதினோம்:
ஐந்து, இரண்டு, ஆறு, ஒன்று, ஐந்து…
கூட்டி, வகுத்து,
மூன்று புள்ளி ஏழு.

"மூணு புள்ளி ஏழு நாளைக்கு ஒருதடவை
எந்த வீட்ல சார் வருது?"
கடைசி பெஞ்சு.
சிரிப்பு அடங்குமுன் மணி அடித்துவிட்டது.

மறுநாள் நான்கு மேசைகளைச் சேர்த்து
ஊரின் வரைபடத்தை விரித்தோம்.
இங்கே மாதங்களுக்கே வீதி உண்டு,
ஆடியைச் சுற்றிச் சித்திரை, அப்புறம் ஆவணி, மாசி.
எண்களுக்குத்தான் இன்னும் விலாசம் இல்லை.

விளக்குத்தூண் பக்கம் வாங்கிய ஸ்டிக்கர் பொட்டு,
அட்டை பத்து ரூபாய்.
ஒன்று, இரண்டு என்றால் பச்சை.
ஐந்துக்கு மேல் சிவப்பு. நடுவில் மஞ்சள்.
ஒட்ட ஒட்ட
சிவப்போடு சிவப்பு போய்ச் சேர்ந்தது.
"பக்கத்து வீட்டைப் பாத்துக் காப்பியடிச்ச மாதிரி"
என்றான் அனுப்பானடி ஜோதிபாசு.
புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு.
அன்று நான் சொல்லவில்லை.

செல்லூரில்
ஏழு சிவப்புக்கு நடுவே ஒரு பச்சை.
கரும்பலகையில் அது வெறும் ஒன்று,
அதைப்போல இன்னும் ஐந்து ஒன்றுகள் இருந்தன,
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
"தப்பா எழுதிட்டியாம்மா?"
"இல்ல சார். அப்பா தண்ணி லாரி ஓட்டுறாரு.
ராத்திரி வீட்டுக்கு வரும்போது திறந்துவிடுவாரு."
"நான் கேட்டது குழாயில."
"லாரியிலயும் குழாதான சார் இருக்கு."

பாண்டிச்செல்வியின் பொட்டை உரிப்பதா விடுவதா என்று
வகுப்பு இரண்டாய்ப் பிரிந்து கத்தியது.
என் கேள்வியில்தான் ஓட்டை.
அவள் அதையெல்லாம் கேட்கவில்லை.
"வண்டி ரொப்புற இடத்துக்கு என்ன கலர் சார்?"

பென்சிலை எடுத்தாள்.
செல்லூரிலிருந்து குலமங்கலம் சாலையோடு வடக்கே,
கோணல்மாணலாக,
மாநகராட்சி எல்லைக் கோட்டைத் தாண்டி.
காகிதம் முடிந்துவிட்டது.
கை நிற்கவில்லை.
மேசைப் பலகையில் ஒரு சாண் தள்ளி
வட்டம் போட்டு, "இங்க ஒரு தோப்பு,
தோப்புக்குள்ள கிணறு" என்றாள்.
"அங்க வீடுங்க இருக்கா?"
"இருக்கு சார்."

அந்த ஊரிலிருந்து
எங்கள் நாற்பத்தொன்றில் ஒருவரும் இல்லை.
அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.
மஞ்சள் மட்டும் மிச்சம் இருந்தது.