ஐந்து மைக்ரோன்

"மிஸ், இன்னும் சூடாத்தான் இருக்கு"
என்று பெட்டியை நீட்டுகிறார் நிமலதாசன்.
பத்து நாற்பது.
போமலின் ஊற்றாத சூலகம்,
ஒரு செவ்விளநீரின் பருமன்.
வெளியில் கச்சான் அடிக்கிறது,
ஜன்னல் இடுக்கெல்லாம் உவர்மலைப் புழுதி.

படிவத்தில்: றிஸ்மியா. இருபத்தேழு. கிண்ணியா.
பிள்ளைகள் என்ற இடத்தில் ஒரு சைபர்.
அதைச் சுற்றி யாரோ பேனையால்
இரண்டு முறை வட்டம் போட்டிருக்கிறார்கள்.

கத்தி வைத்ததும் நுங்குநீர்போல்
வழுவழுத்து ஓடியது மேசையெங்கும்.
ஓர் ஓரத்தில் மட்டும்
பெருவிரல் நகமளவு, சாம்பல் நிறத்தில், கெட்டி.
முழுதையும் உறையவைக்க முடியாது.
எந்த இடத்தைக் கேட்பதென்று
நான்தான் தெரியவேண்டும்,
மற்ற இடங்கள் சொல்லாமல் விட்டதற்கும்
நான்தான் பொறுப்பு.

சைபருக்குக் கீழே இருபத்திரண்டு.
தர்மிகா சக்கரத்தைச் சுற்றுகிறாள்.
சுருளப் பார்க்கும் சீவலைத்
தூரிகை நுனியால் நீவிவிடுகிறாள்.
ஐந்து மைக்ரோன்.
கண்ணாடியைக் கிட்டக் கொண்டுபோனால்
அந்த வெதுவெதுப்புக்கு
அது தானாகவே பாய்ந்து ஒட்டிக்கொள்ளும்.
எத்தனை வருடம் பார்த்தும்
அந்தப் பாய்ச்சலில் எனக்கு ஒரு கூச்சம்.

கரண்ட் போகிறது.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
ஜெனரேற்றர் இருமிக்கொண்டு எழும்புகிறது.
நீலம், கழுவு, ரோசா, கழுவு.

பள்ளிக்கூடத்தில் இதற்குக் கலம் என்று படித்தோம்.
இந்த ஊரில் துறைமுகத்தில் நிற்பதும் கலம்.
இப்போது எனக்கு வேண்டியது ஒரே ஒரு விடை:
இவை இன்னும் குடாவுக்குள்ளேதான் நிற்கின்றனவா,
வாயைத் தாண்டிக் கடலுக்குப் போய்விட்டனவா?

ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன.
சிலவற்றின் கரு தடித்திருக்கிறது.
அடிச்சவ்வு ஓரிடத்தில் மங்கல்.
அங்கே ஓட்டைகள்.
நோய் போட்ட ஓட்டைகளா,
ஈரம் ஐஸாகிப் போட்டதா?
அப்படியானால் அது என் அவசரம் போட்டது.

தொலைபேசி.
முகக்கவசத்துக்குள்ளிருந்து வீரக்கோன் டொக்டர்:
"வயிறு திறந்திருக்கு. ஆமா, இல்லையா?"
அவருடைய குரலுக்குப் பின்னால்
ஒரு பெண்ணின் இதயம்
இயந்திரத்தில் டிக், டிக் என்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் மூதூர்க்காரி ஒருத்திக்கு
இதே கதிரையிலிருந்து "ஆம்" என்றேன்.
மெழுகு வெட்டு வந்தபோது
அது வேறு சொன்னது.
அதைப்பற்றி யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

"எல்லைக்கோட்டில் நிற்குது" என்கிறேன்.
"அதுக்கு மேல எனக்குத் தெரியாது."
"தெரியாதா?"
"ஐந்து நாள் தாங்க."
"அப்போ கர்ப்பப்பை?"
"எடுக்கச் சொல்லி
இந்தக் கண்ணாடியில ஒண்டும் இல்ல."
டிக், டிக், டிக்.
பிறகு அவர், என்னிடம் அல்ல, அங்கே யாரிடமோ,
நூல் கேட்பது கேட்டது.

ஆய்வுகூடத்தில் வினாகிரி மணம்.
தர்மிகா கத்தியைத் துடைத்து வைத்தாள்.
மிச்சத் துண்டுகள் போமலினுக்குள் போயின.
ஐந்து நாளும் இவள் என்னோடு படுத்தெழும்புவாள்,
முகம் தெரியாமல்,
கடுதாசியிலும் மெலிசாக.

சாப்பிடப் போகும் வழியில்
வாசலில் ஒரு மான்
லன்ச் ஷீற் ஒன்றை மென்றுகொண்டிருந்தது.
பக்கத்தில் பிளாஸ்கோடு ஓர் இளைஞன்.
யாருடைய ஆளென்று நான் கேட்கவில்லை.
"மிஸ், ரெண்டு மணியாச்சா?"
"ரெண்டேகால்" என்றேன்
கொஞ்சமும் யோசிக்காமல்.

என் மணிக்கூடு நாலு நிமிடம் முந்தி ஓடுவது
படி இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது.